வடகொன்றையில் வரிசைகள் வழிவிட்ட வருஷம்

அடைக்கலத்துக்கு விமானக் கம்பெனியிலிருந்து ஆயுள்கால பிளாட்டினம் அட்டை கூரியரில் வந்த புதன்கிழமை, அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாமாயில் வாங்க ரேஷன் கடைக்குப் போனார். கடை வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் நின்றிருந்த நாற்பத்திரண்டு பேரும், பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமல், கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல், யாரும் சொல்லாமல், இடப்பக்கமாக இரண்டடி நகர்ந்து அவருக்கு வழிவிட்டார்கள்.

"ஏன்டி தள்ளுற?" என்றாள் ஒருத்தி.

"நான் எங்க தள்ளுனேன்? என் காலு தானா போகுது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அடைக்கலம் கூச்சத்தோடு, "நீங்க நில்லுங்கம்மா, நான் கடைசியா வந்து நிக்கிறேன்" என்று சொல்லி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார். அப்போதும் அவருக்கும் தராசுக்கும் நடுவில் ஓர் ஆள்கூட இல்லை, நாற்பத்திரண்டு பேரும் சாக்கடை ஓரமாக நின்றுகொண்டு தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளர் எழுந்து வெயிலில் நடந்துவந்து அவருடைய ரேஷன் கார்டைத் தானே வாங்கிக்கொண்டு போனார். எண்ணெய் பாக்கெட்டோடு அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எல்லோருடைய கால்களும் வலப்பக்கமாக இரண்டடி வைத்துப் பழைய இடத்துக்கு வந்தன.

மத்தியானம் வங்கியில் அப்படியே நடந்தது, சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அப்படியே நடந்தது, மறுநாள் மின்வாரிய அலுவலகத்தில், அதற்கு மறுநாள் மாரியம்மன் கோவில் அபிஷேகத்தில். வடகொன்றைக்காரர்கள் இரண்டு நாள் அதிர்ந்து போயிருந்தார்கள். மூன்றாம் நாள் இதை வைத்து என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அடைக்கலம் வெல்டிங் இன்ஸ்பெக்டர். பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்களை ஒட்டவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. குழாய் எங்கே போடுகிறார்களோ அங்கே போக வேண்டும் என்பதால் இருபத்தெட்டு வருஷம் அவர் மஸ்கட்டில் ஏறி எங்கெங்கோ இறங்கினார், எங்கெங்கோ ஏறி மஸ்கட்டில் இறங்கினார், வருஷத்துக்கு நாற்பது நாள் மட்டும் வடகொன்றைக்கு வந்தார். ஆரம்பத்திலேயே ஒரே கம்பெனி விமானத்தில் போவது என்று பிடித்துக்கொண்டார். முதலில் வெள்ளி அட்டை கொடுத்தார்கள், பிறகு தங்கம், பிறகு பிளாட்டினம். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முடிவதற்குள் இத்தனை தடவை பறந்திருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு படிகூட இறங்கவில்லை. ஆகவே முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டு, இனி பறப்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்த மூன்றாவது மாதம், இனி ஆயுளுக்கும் நீங்கள் பிளாட்டினம்தான், நிலை இறங்கவே மாட்டீர்கள் என்று கம்பெனி எழுதி அனுப்பிவிட்டது.

"அதனால என்ன பிரயோஜனம், மாமா?" என்று கேட்டான் வார்டு கவுன்சிலர் சோலைமுத்து, டீக்கடையில்.

"ஏர்போர்ட்ல தனி ரூம் உண்டு. சோபா இருக்கும், சூப் கொடுப்பாங்க. பெட்டி இன்னொண்ணு கூடுதலாப் போடலாம். எல்லாருக்கும் முன்னாடி நம்மளக் கூப்பிட்டு ஏத்துவாங்க."

"முன்னாடி ஏறுனா முன்னாடி போய்ச் சேந்துருவீங்களா?"

"அதெப்படி? எல்லாரும் ஏறுனதுக்கப்புறம்தான கிளம்பும்."

டீக்கடையே சிரித்தது. அடைக்கலமும் சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கிப்போயிற்று.

சிரித்த சோலைமுத்துவே அடுத்த வாரம் அவரைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். அட்டையோடு வந்த விதிமுறைப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்து, 'உறுப்பினருடன் வருபவர் ஒருவருக்கும் இதே முன்னுரிமை உண்டு' என்று ஒரு வரியைக் கண்டுபிடித்திருந்தார். அது உண்மை. அடைக்கலத்தின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரே ஓர் ஆளுக்கும் வரிசை வழிவிட்டது. இரண்டாவது ஆள் பிடித்தால் அந்த ஆளின் கால் தானாக இடப்பக்கம் போய்விட்டது. எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த பட்டா மாறுதலை சோலைமுத்து இருபது நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வந்தான்.

அதன்பிறகு அடைக்கலத்தின் வீட்டு வாசலில் விடிகாலையிலேயே ஆட்கள் வந்து நின்றார்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள் நின்றார்கள், பெண்ணின் மாப்பிள்ளை வீட்டாரோடு திருப்பதி போக வேண்டியவர்கள் நின்றார்கள், கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார ஆசைப்பட்ட ஒரு கிழவர்கூடப் பல் துலக்காமல் வந்து நின்றார். யார் முதலில் வந்தது என்று அவர்களுக்குள் வரிசை ஏற்பட்டது. அடைக்கலம் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அந்த வரிசையும் இரண்டடி நகர்ந்து வழிவிட்டது. நகர்ந்ததில் யார் முன்னால் யார் பின்னால் என்பது குழம்பிப்போய்த் தினமும் சண்டை வந்தது. கடைசியில் டீச்சர் ஒரு நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினார், திங்கள் முதல் சனி வரைக்கும் நாளைக்கு ஒருவர், ஞாயிறு அடைக்கலத்துக்கு ஓய்வு.

ஊர் அந்த அதிசயத்துக்குப் பழகிய விதம் இதுதான். தண்ணீர் லாரியிடம் நிற்கிற பெண்கள், அடைக்கலம் வருவது தெரிந்தால் குடத்தை முன்கூட்டியே இடுப்பில் தூக்கிக்கொண்டு நகரத் தயாராக இருந்தார்கள். வங்கியில் இடப்பக்கம் இரண்டடி இடம் விட்டுக் கயிறு கட்டினார்கள். முடி வெட்டும் கடையில் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடைக்கலத்துக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அவர் போனதும் மறுபாதியைக் காட்டினார். காலைத் தூணோடு துண்டால் கட்டிக்கொண்டு நின்று பார்த்த ஒருவர் தூணோடு சேர்ந்து விழுந்தார், பிறகு யாரும் அதை முயற்சி செய்யவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை விளையாட்டாக விளையாடினார்கள். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் யாருக்கும் முகம் தெரியாத ஆளாக இருந்த அடைக்கலத்துக்கு, இப்போது அவர் தெருவில் நடந்தால், ஆளாளுக்கு எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. கஞ்சி போட்ட சட்டை உடுத்தத் தொடங்கினார்.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் வடகொன்றை அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். காலை ஏழரைக்கு அந்தக் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் முன்னூறு பேருக்கு எழுதுவாள், பஞ்சாயத்துத் தலைவர் வந்தாலும் பின்னால போய் நில்லுங்க என்பாள், மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தால் மட்டும் தானே எழுந்துபோய்க் கையைப் பிடித்து டாக்டரிடம் உட்காரவைத்துவிட்டு வருவாள். இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய வரிசையில் ஒரு சண்டை நடந்ததில்லை.

"நீங்க எங்க வேணா போங்க," என்று அவள் முதல் வாரமே சொல்லிவிட்டாள். "எங்க ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

"நான் எதுக்கு அங்க வரப்போறேன்?"

"சொல்லிட்டேன்."

அவரும் போகவில்லை. ஆவணி மாதம் கம்பெனியிலிருந்து இன்னொரு பார்சல் வரும் வரைக்கும் எல்லாம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. அதில் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு நன்றி என்று முதல் பக்கத்தில் போட்டு, அவர் பறந்த ஒவ்வொரு விமானத்தையும் தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், காத்திருந்த நேரம் என்று வரிவரியாக அச்சடித்திருந்தார்கள். அடைக்கலம் அதை டீக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார், திண்டுக்கல்லில் இருந்து வந்த மைத்துனருக்குக் காட்டினார். பிறகு டி.வி. மேல் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மங்கையர்க்கரசி அதை எடுத்துப் பிரித்து, நேராக ஒரு டிசம்பர் மாதத்தைத் தேடினாள்.

அவர்களுக்கு நித்திலா என்று ஒரு மகள் இருந்தாள். இருபத்தோரு வருஷத்துக்கு முன், ஆறு வயதில், மூளைக்காய்ச்சல் வந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து இறந்துபோனாள். அவள் இறந்தது பதினேழாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு. அடைக்கலம் வந்து சேர்ந்தது பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு. நேர் விமானத்தில் சீட்டு கிடைக்கவில்லை, சுற்றித்தான் வரமுடிந்தது என்று அவர் அன்றைக்குச் சொன்னார், மங்கையர்க்கரசி அதை நம்பினாள். அதன்பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "இதுல பதினோரு மணிநேரம் காத்திருப்புன்னு போட்டிருக்கே. நம்ம புள்ள அங்க கிடக்கையில, நீங்க ஏதோ ஒரு ஊர்ல பதினோரு மணிநேரம் உக்காந்திருந்தீங்களா?"

"வேற வழியில்ல மங்கை. நேர் ஃபிளைட்டுல சீட்டு இல்லன்னு அப்பவே சொன்னேனே."

"ஒரு சீட்டுகூடவா இல்ல?"

"இல்ல."

அது பொய். சீட்டு இருந்தது. வேறொரு கம்பெனியின் விமானத்தில், தொழிலாளர் கேம்ப்பில் கிளார்க்காக இருந்த வர்கீஸ் டிக்கெட்டே எடுத்துக் கையில் கொடுத்திருந்தான். அந்த வருஷம் வெள்ளி அட்டையைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு பறப்பு குறைந்தது, டிசம்பர் முடியப் பதினைந்து நாள்தான் இருந்தது. காய்ச்சல்தானே, ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று நினைத்து அடைக்கலம் அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கம்பெனி விமானத்தில் இரண்டு பறப்பாகச் சுற்றி வந்தார். இதை அவர் இருபத்தோரு வருஷம் ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்கே கூடச் சீட்டு இல்லை என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

மங்கையர்க்கரசி புத்தகத்தை மூடி டி.வி. மேல் வைத்தாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், காலையில் ஏழு மணிக்குக் கிளம்பிப் போனாள். பத்து நாள் அப்படி இருந்தது. பதினோராம் நாள் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது அடைக்கலம், "ஒரு வார்த்தை பேசிட்டுப் போ மங்கை" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவரும் பின்னாலேயே நடந்தார். எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பேருந்து நிலையம் தாண்டி, சந்தை தாண்டி, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தார். சந்தைக் கூட்டத்தில் அவள் மறைந்துபோக, ஒரு மரத்தடியில் நெடுநேரம் நின்றுவிட்டு, மறுபடி நடந்து, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் காலை வைத்துவிட்டார்.

அதே நேரத்தில் அஞ்சலை என்கிற ஒரு பெண், இடையன்வயலிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, வலிப்பு வந்து வெட்டிக்கொண்டிருந்த தன் ஐந்து வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, வரிசையில் இருந்த எல்லோரும் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட, டாக்டரின் அறை வாசலை எட்டியிருந்தாள். டாக்டர் எழுந்து கையை நீட்டியிருந்தார். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றியிருந்தாள்.

அஞ்சலையின் கால் இடப்பக்கமாக இரண்டடி போனது.

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசலைப் பார்த்து நடந்தாள், கால் பின்னால் போனது. "ஐயோ, என் காலு! யாராவது புள்ளைய வாங்குங்களேன்!" என்று அலறினாள். வாங்க வந்தவர்களின் கால்களும் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டன. டாக்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அழுகிற முகத்தோடு, அவளைக் கடந்து வெளியே வந்து கேட்டைப் பார்த்து, "வாங்க சார், முதல்ல நீங்க வாங்க" என்றார். நர்ஸ் ஊசியைப் பிடித்தபடியே, "நான் வரல, நான் போகல" என்று சொல்லிக்கொண்டே அடைக்கலத்தை நோக்கி நடந்தாள்.

கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மங்கையர்க்கரசி எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் வரிசையில் நிற்கிறவள் இல்லை, டாக்டரையும் நர்ஸையும் இழுத்ததும் ஏனோ அவளை இழுக்கவில்லை, அவள் கால் நகரவில்லை.

"போங்க!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. "வெளிய போங்க! நிக்காதீங்க, ஓடுங்க!"

அடைக்கலம் ஓடினார். தேய்ந்த முழங்காலோடு, கஞ்சி போட்ட சட்டையோடு, ஒரு செருப்பு கழன்று விழ, சந்தையில் காய்கறி வாங்க நின்றவர்களெல்லாம் வரிசையாக ஒதுங்கி வழிவிட வழிவிட ஓடினார். எவ்வளவு தூரம் போனால் அந்தக் கால்கள் விடுபடும் என்று அவருக்குத் தெரியாது. எனவே ஊரைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் லாரிகள் நிற்கிற இடம் வரைக்கும் ஓடி, ஒரு மைல் கல்லில் உட்கார்ந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது, கேட்கப் போனால் மறுபடி நகரும். நான்கு மணிநேரம் அந்த வெயிலில் அப்படியே இருந்தார்.

ஒன்றரை மணிக்கு மங்கையர்க்கரசி அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பையன் கண்ணு முழிச்சுட்டான்," என்றாள். "நூத்தியெட்டுல புதுக்கோட்டைக்கு அனுப்பிருக்கோம்."

அடைக்கலம் வாயைத் திறந்தார். அந்த டிக்கெட்டைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். "தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

அவள் பாட்டிலை நீட்டினாள். "அந்த அட்டைய எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க," என்றாள்.

அவர் அதைக் கத்தரியால் எட்டுத் துண்டாக வெட்டினார், துண்டுகளை அடுப்பில் போட்டார். மறுநாள் பால் வாங்கப் போனபோது ஆவின் பூத்தில் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு பெண் குரல் தமிழில் பேசியது.

"வணக்கம் சார். உங்க இருபத்தெட்டு வருஷ விசுவாசத்துக்கு நன்றி சார்."

"அம்மா, எனக்கு இந்த பிளாட்டினம் வேணாம். கேன்சல் பண்ணிருங்க."

"ஆயுள்கால நிலையைக் கேன்சல் பண்ண முடியாது சார்."

"வேற யாருக்காவது மாத்திக் கொடுங்க."

"மாத்தவும் முடியாது சார். அது உங்களோட ஆயுளுக்கும் உங்களுடையது சார்."

"அப்ப நான் செத்தாத்தான் போகுமா?"

"இறப்புச் சான்றிதழ் அனுப்பினா கணக்கை மூடிருவோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அடைக்கலம் வீட்டுக்குள் இருந்துகொண்டார். வாசலில் வந்து நின்றவர்களைப் பார்க்க மறுத்தார். முதலில் ஊருக்குக் கோபம் வந்தது, பிறகு இடையன்வயல் பிள்ளையின் கதை தெருத்தெருவாகப் பரவியபோது அதிர்ச்சி வந்தது, அந்த அதிசயம் வந்தபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தங்களுக்காக யாருடைய கால் நகர்ந்தது என்று நினைத்துப் பார்த்தார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்து, அன்று அலுவலகம் மூடிவிட்டதால் திரும்பிப் போய், மறுபடி வராமலேயே இறந்த ஒரு கிழவி சோலைமுத்துவின் நினைவுக்கு வந்தாள். டீச்சர் பெயர் எழுதிய நோட்டைக் கிழித்துப் போட்டார். ஊரில் கொஞ்ச நாள் யாரும் யாரையும் முந்தவில்லை, பேருந்தில்கூட நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க என்று சொல்லிக்கொண்டு பேருந்தையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் அது ஆறு மாதம்தான். மாசி மாதம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிலோமினா டீச்சர் அதைச் சமுதாயக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கம்பெனியை அதைவிடப் பெரிய ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. 'ஆயுள்கால' என்ற சொல் உறுப்பினரின் ஆயுளைக் குறிக்காது, திட்டத்தின் ஆயுளைக் குறிக்கும், திட்டம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் இரண்டு பறப்பு பறந்து காட்டுகிறவர்களுக்குப் புதிய திட்டத்தில் அதே நிலை தொடரும்.

"ஆயுள்னா ஆயுள்தானங்க?" என்றார் பின்வரிசையில் ஒருவர். "அதுக்கு எப்படித் தேதி போட முடியும்?"

"எழுதிக் கொடுத்துட்டு இல்லன்னு சொல்றானா? இருபத்தெட்டு வருஷம் பறந்த மனுஷன்கிட்டயா?"

சோலைமுத்து எழுந்தான். "அத விடுங்க. இப்ப ரெண்டே ரெண்டு பறப்பு. திருச்சியில ஏறி, எங்கயாவது இறங்கி, அதே வண்டியில திரும்பி வந்தா முடிஞ்சது. டிக்கெட்ட ஊர்ப் பொதுவுல போட்ருவோம். மாமா, ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் நீங்க வரவேணாம். மத்த இடத்துக்கு வந்தாப் போதும்."

கிழவியை நினைத்து ஆறு மாதம் முன்பு கலங்கிய அதே சோலைமுத்து. டீச்சரும் தலையை ஆட்டினார், அவருடைய மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. கூடத்தில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடைக்கலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆடிப்போனார். டீச்சரிடமிருந்து கடிதத்தை வாங்கி, இரண்டு பறப்பு என்று அச்சடித்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"நான் பறக்க மாட்டேன்," என்றார்.

"ஏன் மாமா? ஒரு நாள் சோலிதான?"

"ரெண்டு பறப்பு நான் ஏற்கெனவே ஒரு தடவ பறந்துட்டேன். இனிமே மாட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஊருக்குக் கிடைத்ததை ஒரு ஆள் கெடுக்கிறான் என்று சொன்னார்கள். மார்ச் மாதம் முழுக்க அவர் தெருவில் நடந்தபோது கால்கள் வழிவிட்டன, முகங்கள் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. முப்பத்தொன்றாம் தேதி வந்தது, போனது.

ஏப்ரல் மூன்றாம் தேதி காலை ஏழரை மணிக்கு அடைக்கலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தார். வரிசை அசையவில்லை. இரண்டு காலையும் வைத்தார். ஒரு பெண் அவரைப் பார்த்துவிட்டுப் பயத்தில் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள், ஆனால் அவள் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் போய்க் கடைசியில், இருமிக்கொண்டிருந்த ஒரு முதியவருக்குப் பின்னால் நின்றார். வரிசை ஒரு அடி நகர்ந்தால் ஒரு அடி நகர்ந்தார். நின்று பழக்கமில்லாத கால் மரத்துப்போனது. இடையில் ஓர் ஆள் முந்தப் பார்த்தான், பின்னாலிருந்து நான்கு பேர் கத்தி அவனை இழுத்துவிட்டார்கள். இரண்டு மணிநேரம் கழித்து அவர் கம்பி ஜன்னலுக்கு வந்தார்.

மங்கையர்க்கரசி நிமிராமல் பேனாவோடு கேட்டாள். "பேரு?"

"அடைக்கலம்."

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். "வயசு?"

"அம்பத்தெட்டு."

"என்ன பண்ணுது?"

அடைக்கலம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அறுபது பேர் நின்றிருந்தார்கள், எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் அவர் குரல் வந்தது, அதை அவரால் குறைக்க முடியவில்லை.

"சீட்டு இருந்துச்சு மங்கை," என்றார். "அன்னைக்கு நேர் ஃபிளைட்டுல சீட்டு இருந்துச்சு. வர்கீஸ் டிக்கெட்ட எடுத்துக் கையிலயே கொடுத்துட்டான். ரெண்டு பறப்பு குறையுது, அட்டை போயிரும்னு நான்தான் திருப்பிக் கொடுத்தேன். காய்ச்சல்தானன்னு நெனச்சுட்டேன். வேணும்னே சுத்தி வந்தேன்."

அவளுடைய கையிலிருந்து பேனா உருண்டு மேசைக்குக் கீழே போனது. அவள் அதை எடுக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஜன்னலில் சீட்டு எழுதுவது நின்றது.

பிறகு அவள் கேட்டாள். "அது எத்தன மணிக்கு மெட்ராஸ் வந்திருக்கும்?"

"காலைல ஆறரை."

"தஞ்சாவூருக்கு?"

"மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வந்திருக்கலாம்."

மங்கையர்க்கரசி உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "நாலு மணி வரைக்கும் அவளுக்கு நெனவு இருந்துச்சு," என்றாள். "அப்பா வந்தாச்சா, அப்பா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருந்தா. வந்துட்டிருக்காருன்னு சொன்னேன்."

அடைக்கலம் கம்பியைப் பிடித்தபடியே கீழே சரிந்தார். அவருக்குப் பின்னால் நின்றவன், முந்தப் பார்த்தவனைக் கத்தி இழுத்துவிட்ட நான்கு பேரில் ஒருவன், அக்குளில் கைகொடுத்துத் தாங்கினான்.

அவள் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தாள். சீட்டில் பெயரும் வயதும் மட்டும் இருந்தது, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று பேனா ஒரு நிமிஷம் காற்றில் நின்றது, பிறகு ஒன்றும் எழுதாமலேயே அதைக் கிழித்து மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. அவர் பக்கமும் பார்க்கவில்லை.

"ஒரு மணிக்கு எனக்கு டியூட்டி முடியும்," என்றாள். "அது வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருங்க. எங்கயும் எந்திரிச்சுப் போயிடாதீங்க."

அடைக்கலம் போய் உட்கார்ந்தார். ஜன்னலில் அவள் குரல் கேட்டது, கொஞ்சம் உடைந்திருந்தாலும் எல்லோருக்கும் எட்டுகிற குரல்.

"அடுத்து யாருங்க? வாங்க."